நண்டூத்தைப் பெருசா எழுதினவன்

படுத்தாச்சா? காலை நீட்டு. அந்த மேப்புப் புஸ்தகத்தை இப்படிக் குடு அரும்பு, தலைமாட்டுல வெச்சுக்கிட்டா ஆறெல்லாம் தானா மண்டைக்குள்ள ஓடி வந்துடாது. என்ன, வயித்த வலிக்குதா? வலிக்கும், வலிக்கும். நாளைக்குப் பரீட்சைன்னா எனக்கும் அப்படித்தான் வலிக்கும். அத்தை ஒரு கதை சொல்றேன். அதுலயும் ஒரு மேப்பு வருது, வயித்து வலியும் வருது. ஆனா நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா தூங்கிட்டன்னு பாதியில விட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்.

ம். அதான்.

ஒரு ஊர்ல ஒரு சுவரு இருந்துச்சு. ராஜா இல்லாம சுவரான்னு முழிக்காத, ராஜாவும் வருவான். ராஜாவோட சபை மண்டபத்துல, சிம்மாசனத்துக்கு நேர் எதிர்த்தாப்ல, வெள்ளை வெளேர்னு பெரிய சுவரு. அந்த ராஜாவுக்குச் சின்ன வயசு. மீசை இப்பத்தான் முளைக்குது. அப்பா திடீர்னு செத்துப் போனதால பட்டத்துக்கு வந்துட்டான், அரண்மனை வாசலைத் தாண்டி ஒரு நாள் நடந்தது கிடையாது. அப்போ அவனுக்கு ஒரு ஆசை வந்துச்சு. "என் நாட்டை நான் உக்காந்த இடத்துல இருந்தே பாக்கணும். எந்த ஆறு எங்க ஓடுது, எந்த ஊரு எங்க இருக்கு, எல்லாத்தையும் இந்தச் சுவத்துல எழுதுங்க"ன்னு சொல்லிட்டான்.

எழுதறதுக்கு மாடக்கண்ணுன்னு ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. கோயில் சுவத்துல சாமி படம் எழுதறவன் அவன். கைன்னா கை, அப்படி ஒரு கை. ஆனா நாட்டுப் படம் எல்லாம் அவன் எழுதினதே இல்ல. அவனுக்குத் தெரிஞ்சது கோயில் படம்தான். கோயில் படத்துல எப்படி இருக்கும்? சாமி பனைமர உயரம் நிக்கும். பக்கத்துல கும்பிட்டுக்கிட்டு நிக்கிற ராஜா, சாமியோட முட்டி உயரம். ராஜாவுக்குக் குடை பிடிக்கிறவன், ராஜாவோட முட்டி உயரம். யாரு பெரியவங்களோ அவங்களைப் பெருசா எழுதணும். அவன் படிச்ச பாடம் அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நாட்டுல ஒரு சட்டம் இருந்துச்சு. இதை இப்பவே சொல்லிடறேன், அப்புறமா சொன்னா என்னைத் திட்டுவ. ராஜா வீட்டுச் சுவத்துல எவனாவது பொய் எழுதினா, எழுதின கையை மணிக்கட்டோட வெட்டிடுவாங்க. எனக்குச் சொல்லும்போதே கை கூசுது பாரு. நீயும் கையைப் போர்வைக்குள்ள வெச்சுக்கோ.

அப்போ மாடக்கண்ணு நாடு பூரா நடந்தான். மலை ஏறினான், ஆத்தைத் தாண்டினான், கடலைப் பாத்தான். திரும்பி வந்து சுவத்துல சுண்ணாம்பைப் பூசி, அது ஈரமா இருக்கும்போதே எழுத ஆரம்பிச்சான். ராஜா இருக்கிற பட்டணம் பெருசு. பெரிய பெரிய கோயில் இருக்கிற ஊரெல்லாம் பெருசு. ஆத்துக்குள்ள மீனு, மலை மேல குரங்கு. எல்லாம் எழுதி முடிச்சுட்டு கடைசியா தெக்கு ஓரத்துக்கு வந்தான். அங்க நண்டூத்துன்னு ஒரு ஊரு.

ஊருன்னு சொன்னாலே அது சிரிக்கும். ஏழே ஏழு வீடு. சுத்தி எங்க பாத்தாலும் செக்கச் செவேல்னு மணல் காடு, தேரின்னு சொல்லுவாங்க. நடுவுல ஒரு பாறை இடுக்குல ஊத்து. சொட்டு... சொட்டு... சொட்டு... ஒரு குடம் நிறையறதுக்குள்ள ஒரு பானைச் சோறு வெந்து குழைஞ்சுடும். ஊத்துக்குள்ள சின்னச் சின்ன நண்டு ஓடும், அதான் நண்டூத்து. ஆனா மாடக்கண்ணுக்கு அது மாமியார் ஊரு. ஒரு தடவை தேரியில வழி தப்பி, நாக்கு வெளிய தள்ளி, செத்தோம்னு விழுந்து கிடந்தான். அந்த ஊர்க்காரங்கதான் தேங்காய்ச் சிரட்டையில தண்ணி கோரி வாயில ஊத்திப் பொழைக்க வெச்சாங்க. ஊத்தினவ பேருதான் பேச்சி. அப்புறம் அவளையே கட்டிக்கிட்டான்.

அப்போ அவன் மனசுல அந்த ஊரு எவ்ளோ பெருசு? அவ்ளோ பெருசா எழுதிட்டான். ஏழு வீடும் ஏழு மாளிகை மாதிரி. ஊத்து ஏரி மாதிரி. நீல நீலமா அலை, அலைக்கு நடுவுல தாமரை. பொய் சொல்லணும்னு அவன் எழுதல, அரும்பு. சாமியைப் பெருசா எழுதற மாதிரி எழுதினான்.

ம் எங்க?

அப்புறம் ராஜா வந்து பாத்தான். கண்ணு ரெண்டும் அகண்டு போச்சு. கையில இருந்த பிரம்பால நண்டூத்து மேல 'டொக்'னு தட்டினான். "அடேயப்பா! என் பட்டணத்துக்கு அடுத்தபடியா இதுதானே பெருசு! இவ்வளவு தண்ணியை வெச்சுக்கிட்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே! தெக்கு எல்லையைப் பாக்கப் படையோட கிளம்பறேன். யானை, குதிரை, ஆளு, அத்தனைக்கும் நண்டூத்துலதான் தங்கல். சோறும் தண்ணியும் அங்கதான்."

மாடக்கண்ணுக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. ஏழு வீடு, ஒரு ஊத்து. யானைப் பசிக்குச் சோளப்பொரி. என்ன கேட்ட? யானை எவ்ளோ தண்ணி குடிக்கும்னா? ஒரே ஒரு யானை தும்பிக்கையை விட்டு சர்ர்ர்னு உறிஞ்சினா ஊத்து காலி. ராஜாகிட்ட ஒரு தெரு நீளத்துக்கு யானை நின்னுச்சு. 'ஐயா, அது சின்ன ஊரு'ன்னு சொல்ல வாயைத் திறந்தான். சொன்னா, 'அப்போ பெருசுன்னு எழுதினது பொய்யா?'ன்னு கேப்பாங்க. கேட்டா கை போயிடும். கையில்லாத ஓவியன் என்ன பண்ணுவான்? திறந்த வாயை மூடிக்கிட்டான்.

வீட்டுக்கு வந்து பேச்சிகிட்ட சொன்னான். அவ கையில இருந்த அகப்பை 'டங்'னு கீழ விழுந்துச்சு. "ஏங்க, எங்க ஊரைப் பெருசா எழுதுங்கன்னு உங்களை யாரு கேட்டா? எங்கம்மா அங்க தனியா கிடக்காளே! தெரு நீள யானை வந்து நின்னா அவ எதைக் குடுப்பா? தண்ணி இல்லைன்னா படைக்காரன் சும்மா போவானா?"ன்னு கத்தினா. கத்திட்டு அழுதா. அழுதுட்டு மூக்கைச் சிந்திட்டு, "போய் அழிங்க"ன்னா.

அப்போ மறுநாள் உச்சி நேரம், எல்லாரும் சாப்பிடப் போயிருக்கையில, மாடக்கண்ணு தேங்காய் நாரை எடுத்துக்கிட்டு மண்டபத்துக்குள்ள பூனை மாதிரி நுழைஞ்சான். சரக்... சரக்... சரக்... தேய்ச்சான். போகுமா? ஈரச் சுண்ணாம்புல எழுதின வண்ணம் சுவரோட சுவரா இறுகிப் போச்சே! விரல் நகம் பிஞ்சுதே ஒழிய ஒரு தாமரை இதழ் போகல. திடீர்னு பின்னாடி "யாரது?"ன்னு ஒரு சத்தம். காவக்காரன். மாடக்கண்ணுக்கு உசுரு ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துச்சு. "தூசி தட்டறேன் அண்ணே"ன்னான். காவக்காரன் சொன்னான், "பாத்துத் தட்டுப்பா. ராஜா இன்னைக்குக் காலையில முதல் வேலையா அந்த ஊத்தைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் உக்காந்தாரு. ஒரு புள்ளி குறைஞ்சாலும் கண்டுபிடிச்சுடுவாரு."

அப்போ அழிக்கவும் முடியாது. ம்?

அப்புறம் மாடக்கண்ணு ராத்தூக்கம் இல்லாம யோசிச்சான். ஊரைத்தான் சின்னதாக்க முடியல, போற வழியைப் பயமாக்கிட்டா? அடுத்த நாளே, "மகாராஜா, படத்துல கொஞ்சம் பாக்கி இருக்கு"ன்னு சொல்லிட்டு ஏணியில ஏறினான். நண்டூத்துக்குப் போற வழியில, ஒரு புல்லு முளைக்காத தேரி இருக்கே, அங்க அடர்ந்த காடு ஒண்ணை எழுதினான். காட்டுக்குள்ள புலி. ஒண்ணு ரெண்டு இல்ல, மரத்துக்கு மரம் புலி. கோரைப் பல்லு, ரத்த நாக்கு, உர்ர்ர்ருன்னு முறைக்குது. எழுதின அவனுக்கே முதுகு சில்லுன்னு ஆச்சு. ராஜா பயந்துடுவான்னு ஏணிக்கு மேலயே உக்காந்து காத்துக்கிட்டு இருந்தான்.

ராஜா வந்தான். பாத்தான். கையைத் தட்டினான் பாரு, பட்டு பட்டுன்னு! "புலியா? இத்தனை புலியா? மந்திரி, வேட்டைக்காரங்களையும் சேத்துக்கோ! வேட்டை நாய் அத்தனையும் கூட வரட்டும்! யானை இன்னொரு மடங்கு!" கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். இப்போ தெரு நீளத்துக்கு இருந்த யானை ரெண்டு தெரு நீளமாச்சு.

சிரிக்கிறியா நீ? சிரி, சிரி. எனக்கு இந்த இடம் வந்தாலே நெஞ்சு அடிச்சுக்கும். ஏன்னா அந்தப் புலி இருக்கே, அதுதான் நெசமான பொய்யி. ஊரைப் பெருசா எழுதினது ஆசையில. புலியை எழுதினது தெரிஞ்சே.

பேச்சி கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. "வேலியில போற ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்களே! போதுங்க. நெசத்தைச் சொல்லிடுங்க"ன்னா. அவன் கேக்கல. "இன்னும் ஒரே ஒரு வழி இருக்கு பேச்சி, ஒண்ணே ஒண்ணு"ன்னு கிளம்பிட்டான்.

அந்த ஒண்ணு என்னன்னா, சபையில நெடுமொழியார்னு ஒரு புலவர் இருந்தாரு. பழைய ராஜாக்கள் கதையெல்லாம் அவருக்கு அத்துப்படி. உங்க பள்ளிக்கூடத்துல வரலாறுன்னு சொல்றீங்களே, அது அங்க அவரு வாயிலதான் இருந்துச்சு. எல்லாம் சரி, அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். 'தெரியாது'ன்னு சொல்லவே மாட்டாரு. வாயில அந்தச் சொல்லே வராது. மாடக்கண்ணு நைசா அவருகிட்டப் போயி, "ஐயா, நண்டூத்துக்குப் போன ராஜா யாரும் நல்லபடியா திரும்பினதில்லையாமே, உங்களுக்குத் தெரியாததா?"ன்னு ஒரு கொக்கியைப் போட்டான். அவருக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா "தெரியுமே!"ன்னு தாடியைத் தடவிக்கிட்டாரு.

மறுநாள் சபை கூடிச்சு. நெடுமொழியார் எழுந்து தொண்டையைக் கனைச்சாரு, க்கும்! "மகாராஜா, நண்டூத்து பொல்லாத இடம். உங்க பாட்டனாருக்குப் பாட்டனார் அங்க தங்கினாரு. ஊத்துல குனிஞ்சு தண்ணி குடிச்சப்போ..." மாடக்கண்ணு மனசுக்குள்ள 'செத்தாருன்னு சொல்லு, செத்தாருன்னு சொல்லு'ன்னு வேண்டிக்கிட்டான். புலவருக்குத்தான் வாய் நிக்காதே! "...குனிஞ்சப்போ தலையில இருந்த நவரத்தினக் கிரீடம் தொபுக்கடீர்னு உள்ள விழுந்துடுச்சு! இன்னைக்கு வரைக்கும் அடியிலதான் கிடக்குது!"ன்னு முடிச்சாரு.

ராஜா சிம்மாசனத்துல இருந்து குதிச்சே எந்திரிச்சுட்டான். "என் முப்பாட்டன் கிரீடமா! மந்திரி, மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் ஏத்து. அந்த ஊத்தை அடி வரைக்கும் தோண்டிப் பாத்துடலாம்!"

அரும்பு, புரியுதா உனக்கு? முதல்ல குடிக்கத்தான் போறாங்க. அப்புறம் ரெண்டு மடங்கு பேரு குடிக்கப் போறாங்க. இப்போ தோண்டவும் போறாங்க. பாறை இடுக்குல சொட்டுற ஊத்தைக் கடப்பாரையால இடிச்சா அது அப்படியே எங்கயாவது பூமிக்குள்ள ஓடிடும், திரும்பி வரவே வராது. அங்க நண்டூத்துல இருக்கிற அந்த ஏழு வீட்டுக்காரங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. பாவம், குடத்தை வெச்சுட்டு உக்காந்திருக்காங்க.

ராஜா மாடக்கண்ணு முதுகுல தட்டிச் சொன்னான், "படம் எழுதினது நீ. வழி காட்டறதும் நீதான். முன்னால நட."

அப்புறம் படை கிளம்பிச்சு. டம் டம் டம் டம்! கொம்பு ஊதறான், பூம்ம்ம்! யானை மணி கணீர் கணீர். குதிரை டக்கு டக்கு. அத்தனைக்கும் முன்னால ஒத்தை ஆளா மாடக்கண்ணு நடக்கிறான். கூடவே பேச்சி. "நீங்க வராட்டியும் நான் போறேன், எங்கம்மாகிட்ட"ன்னு புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு வந்துட்டா. ஒவ்வொரு ஊரா தாண்டறாங்க. ஊர்க்காரங்க எல்லாம் பூ தூவுறாங்க, ராஜா சிரிக்கிறான். மாடக்கண்ணுக்கு மட்டும் ஒரு வாய் சோறு இறங்கல. ஒவ்வொரு மைல் கல்லுலயும் 'இங்க சொல்லிடுவோம்'னு நினைப்பான். 'அடுத்த கல்லுல சொல்லிக்கலாம்'னு தள்ளிப் போடுவான். அப்படித்தானே பண்ணுவோம் எல்லாரும்?

ம். தூங்கலையே? நல்லது. இப்போதான் கஷ்டமான இடம்.

கடைசி ஆறு வந்துச்சு. அதைத் தாண்டினா தேரி. விடியக் கிளம்பினா பொழுது சாயறப்போதான் நண்டூத்து. நடுவுல நிழல் கிடையாது, சொட்டுத் தண்ணி கிடையாது. மணலு அடுப்புல வறுத்த மாதிரி கொதிக்கும். படைக்காரங்க எல்லாம் தோல்பை நிறைய ஆத்துத் தண்ணியை மொண்டு யானை மேல ஏத்தினாங்க. அப்போ ராஜா பாத்துட்டு, "எதுக்குய்யா இந்த வீண் சுமை? ஏரி கணக்கா ஊத்து இருக்கையில தண்ணியைத் தூக்கிக்கிட்டு யாராவது போவாங்களா? எல்லாத்தையும் கொட்டுங்க. அந்த இடத்துல மண்வெட்டியை ஏத்துங்க"ன்னான்.

சளக்! ஒரு தோல்பையைக் கொட்டினான் ஒருத்தன். சளக்! இன்னொருத்தன். மாடக்கண்ணு அதைப் பாக்கறான். இப்போ நண்டூத்து மட்டும் சாகப் போறதில்ல, இந்தப் பூரா படையுமே சாகப் போகுது. பூ வாங்கிக் காதுல வெச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு வர்ற அந்தச் சின்னப் பையன் ராஜாவும் சாகப் போறான். பேச்சி அவன் பக்கத்துல வந்து நின்னா. "இப்ப நீங்க வாயைத் திறக்கலைன்னா நான் திறக்கறேன்."

"கை போயிடும் பேச்சி."

"போகட்டும். கை போனா நான் உங்களுக்குச் சோறு ஊட்டுறேன். ஊத்து போனா எங்கம்மாவுக்கு யாருங்க தண்ணி ஊத்துவா?"

சளக்! மூணாவது தோல்பை.

"கொட்டாதீங்க!" கத்திட்டான் மாடக்கண்ணு. தொண்டை கிழியற மாதிரி கத்திட்டான். யானையெல்லாம் நின்னுடுச்சு. அவன் ஓடிப் போயி ராஜாவோட குதிரைக்கு முன்னால மண்ணுல விழுந்தான். "மகாராஜா, அது ஏரி இல்ல. ஒரு சிரட்டை ஊத்து. ஊரு ஏழே வீடு. என் பொண்டாட்டி ஊருங்கிறதால பெருசா எழுதிட்டேன். காடு கிடையாது, புலி பொய். கிரீடமும் நான் போட்ட கொக்கிதான். கையை எடுத்துக்கோங்க. ஆனா தண்ணியைக் கொட்டாதீங்க, ஆத்தைத் தாண்டாதீங்க"ன்னு சொல்லி, வலது கையை ஒரு கல்லு மேல நீட்டி வெச்சுட்டான்.

தளபதி வாளை உருவிட்டான். சர்ர்ரக்! பேச்சி கண்ணை மூடிக்கிட்டா. நீயும் மூடிக்கிட்டியா? மூடிக்கோ.

"இரு"ன்னான் ராஜா. முகமெல்லாம் செவந்து போச்சு. சின்னப் பையன்தானே, அத்தனை பேருக்கு முன்னால ஏமாந்துட்டோமேன்னு அவமானம். "புலி இருக்குன்ன, இப்போ இல்லைங்கற. கிரீடம் இருக்குன்ன, இப்போ இல்லைங்கற. தண்ணி இல்லைன்னு நீ இப்போ சொல்றது மட்டும் நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை உன் மாமியார் ஊரு தண்ணியை ஒளிச்சு வெக்கறியோ என்னவோ! நானே போய்ப் பாக்கறேன். படை இங்கயே நிக்கட்டும். பத்துப் பேரு மட்டும் என் கூட வாங்க. ஒருத்தனும் தண்ணி எடுக்கக் கூடாது. அந்த ஊத்துலதான் குடிக்கப் போறேன். குடிச்சுட்டு அங்க வெச்சு உன் கைக்குத் தீர்ப்பு சொல்றேன்."

"ஐயா, தண்ணி மட்டும் எடுத்துக்கோங்க"ன்னு பேச்சி கெஞ்சினா. கேக்கல. வீம்பு.

அப்புறம் நடந்தாங்க. வெயிலுன்னா வெயிலு, தகதகதகன்னு. குதிரைக் காலு மணல்ல புதையுது. பாதி வழியில குதிரை மடங்கி உக்காந்துடுச்சு. அதை ஒரு ஆளோட ஆத்துக்குத் திருப்பி அனுப்பிட்டு ராஜா இறங்கி நடந்தான். பொறந்ததுல இருந்து அவன் நடந்த முதல் நடை அது. செருப்புக்குள்ள மணலு. உதடு வெடிச்சுப் போச்சு. காட்டைத் தேடறான், ஒரு புல்லு இல்ல. புலியைத் தேடறான், ஒரு ஓணான்தான் ஓடுச்சு. மாடக்கண்ணு வலது கையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, யாரோ குடுத்து வெச்ச பொருள் மாதிரி தூக்கிட்டு வந்தான்.

பொழுது சாயறப்போ ஏழு கூரை தெரிஞ்சுது. பாறை இடுக்குல ஒரு கிழவி உக்காந்திருந்தா. அவதான் பேச்சியோட அம்மா, இசக்கி. மகளைப் பாத்ததும் "ஆத்தாடி!"ன்னா. வந்தவன் ராஜான்னு அவளுக்குத் தெரியாது. முகமெல்லாம் செம்மண்ணு, எல்லாரும் ஒரே நிறம். "வெயில்ல வந்திருக்கீங்களே ஐயா, உக்காருங்க"ன்னு சொல்லிட்டு, சொட்டு விழுற இடத்துல சிரட்டையை வெச்சா. வரிசையில குடம் வெச்சிருந்த ஊர்க்காரங்க எல்லாம் அவங்கவங்க குடத்தைத் தள்ளி வெச்சுக்கிட்டாங்க. வழிப்போக்கனுக்குத்தான் அங்க முதல் தண்ணி.

சொட்டு... சொட்டு... சொட்டு...

ராஜாவுக்குப் பொறுக்கல. குனிஞ்சு கையை ஊத்துக்குள்ள விட்டுத் துழாவினான். இசக்கி அவன் கை மேல ஒண்ணு வெச்சா பாரு, பளீர்னு! "கையை எடு! கலக்கினா கலங்கிடும். அப்புறம் பொழுது விடியற வரைக்கும் யாருக்கும் தண்ணி இல்ல. ஊத்துக்கு அவசரமெல்லாம் தெரியாது"ன்னா. மீதி ஒம்பது பேரும் வாளு மேல கையை வெச்சுட்டாங்க. ராஜா அவங்களைப் பாத்து வேண்டாம்னு தலையை ஆட்டினான். பேச முடியல அவனுக்கு, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. உக்காந்தான். அவ்ளோ பெரிய நாட்டுக்கு ராஜா, ஒரு சிரட்டைத் தண்ணிக்குக் காத்துக்கிட்டு மண்ணுல உக்காந்தான்.

சிரட்டை நிறைஞ்சுது. இசக்கி குடுத்தா. குடிச்சான். மடக்... மடக்... மடக். கண்ணை மூடிக்கிட்டான்.

அப்புறம் குரலைக் கூட்டிக்கிட்டுக் கேட்டான், "ஆத்தா, இந்த ஊத்துக்குள்ள ஒரு கிரீடம் இருக்காமே?"

"கிரீடமா? நண்டுதான்யா இருக்கு."

"சரி... ஆத்துக்கு அந்தாண்ட ஒரு பெரிய படை நிக்குது. யானை மட்டுமே ரெண்டு தெரு நீளம். அத்தனையும் இப்போ இங்க தாகத்தோட வந்து நின்னா நீ என்ன பண்ணுவ?"

இசக்கி கொஞ்சம் யோசிச்சா. "என்ன பண்றது? தாகம்னு வந்தவங்களைப் போன்னா சொல்ல முடியும்? கோரிக் கோரிக் குடுப்போம். ஊத்து வத்தற வரைக்கும் குடுப்போம். வத்திப் போச்சுன்னா குடத்தைத் தூக்கிக்கிட்டு நாங்க ஊரை விட்டுப் போயிடுவோம்"னா. கோவமா சொல்லல அரும்பு. நாளைக்கு என்ன கொழம்புன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா.

ராஜாவுக்கு வந்த வழியில கொட்டின தோல்பை ஞாபகம் வந்துச்சோ, ஏத்தின கடப்பாரை ஞாபகம் வந்துச்சோ. அந்த ஏழு கூரையையும் ஒரு தடவை பாத்தான். அப்புறம் ஒரு ஆளைக் கூப்பிட்டு, "தண்ணி குடிச்சுட்டு ராத்திரியே தளபதிகிட்டப் போய் சொல்லு. படை ஆத்தைத் தாண்டக் கூடாது. விடிஞ்சதும் திரும்பறோம்"னான்.

அப்புறம் மாடக்கண்ணு பக்கம் திரும்பினான். மாடக்கண்ணு ராஜா முன்னால முட்டி போட்டு வலது கையை நீட்டினான். நாள் பூரா தூக்கிட்டு வந்த கை. பேச்சி அம்மா தோள்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டா. சொட்டு மட்டும் விழுது.

ராஜா கையில இருந்த வெறும் சிரட்டையை எடுத்து, அந்தக் கையில வெச்சான்.

"ஊரைப் பெருசா எழுதினது பொய் இல்ல. புலிக்கு உண்டு உனக்குத் தண்டனை, அதைப் பட்டணத்துல போய்ப் பேசிக்கலாம். அதுக்குக் கையெல்லாம் வேண்டாம்"னான். அப்புறம் பின்னாடி உதடு வெடிச்சு நின்ன அவன் ஆளுங்களைக் காட்டினான். "இவங்க இன்னும் குடிக்கல. கோரு. மெதுவா கோரு, கலங்கிடப் போகுது."

மாடக்கண்ணு கோரினான். அந்தக் கை நடுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு சொட்டு சிந்தல.

அரும்பு? ஏ அரும்பு... "ம்" எங்க?

சரி. கதை ஊத்துல இறங்கிடுச்சு, நீ உறக்கத்துல இறங்கு.